ஸ்டோலில் யாரை நிறுத்துவது?

வன்னியில் கேம், போன், கணினிக் கண்காட்சி நடத்துவோரும் அங்கே ஸ்டோல் போடுவோரும் அனுப்பிய கேள்விகளில் பல ஒரே இடத்தைச் சுற்றி வந்திருந்தன: கூட்டம் சேர்ப்பதற்கு அரைகுறை உடையில் மாடல் பெண்களை நிறுத்தலாமா? அவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: கிளிநொச்சியில் போனும் கேம் சாமான்களும் விற்கிறோம். வர்த்தகக் கண்காட்சியில் இரண்டு நாளுக்கு ஒரு ஸ்டோல் எடுக்கப்போகிறோம். கொழும்பு விளம்பர ஏஜென்சி ஒன்று, “வெளிநாட்டு கேம் ஷோவில் எல்லாம் இதுதான் வழமை” என்று சொல்லி, குட்டை உடையில் இரண்டு மாடல் பிள்ளைகளை அனுப்பலாம் என்கிறது. செலவுக்குப் பலன் வருமா? (கடை உரிமையாளர், கிளிநொச்சி)

வராது. வழமை என்ற கதை பழையது, அதற்கு அடுத்த பதிலில் வருகிறோம். நீங்கள் கேட்டது காசைப் பற்றி, ஆகவே கணக்கையே பார்ப்போம்.

ஸ்டோலுக்கு முன்னால் நிற்கிற கூட்டம் வேறு, உள்ளே வருகிற கூட்டம் வேறு. அரைகுறை உடையில் ஒரு பிள்ளையை வாசலில் நிறுத்தினால் இளந்தாரிகள் வட்டம் போட்டு நின்று போனைத் தூக்குவார்கள். அந்த வட்டமே உங்கள் வாசலை அடைத்துவிடும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த தாய் அதைப் பிளந்துகொண்டு உள்ளே வரமாட்டார், பக்கத்து ஸ்டோலுக்கு ஒதுங்கிப் போய்விடுவார். கையில் பிடித்து விளையாடும் கொன்றோலருக்குக் காசு எடுத்துக் கொடுப்பதும் மடிகணினிக்கு முற்பணம் கட்டுவதும் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் அந்தத் தாய் தகப்பன்தான், அல்லது வெளியிலிருந்து மாமா அனுப்பிய காசோடு வருகிற அக்கா. படம் எடுத்த இளந்தாரி படத்தோடு போய்விடுவான்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. வந்தவர் மாடலிடம் “இது என்ன விலை, உத்தரவாதம் எத்தனை மாதம்?” என்று கேட்கிறார். அவருக்கு எவரும் எதையும் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள். உள்ளே கையைக் காட்டுவார். உள்ளே நிற்பவர் வேறு ஒருவரோடு கதைத்துக்கொண்டிருப்பார். கேட்டவர் அரை நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். அமெரிக்கத் தொழில்நுட்பத் துறையில் விற்பனைப் பக்கம் வேலை செய்த ஸ்பென்சர் சென் என்பவர் 2014 ஜனவரியில் ஒரு கணக்கு வெளியிட்டார். ஒரே கண்காட்சியில் அவருடைய நிறுவனத்துக்கு இரண்டு ஸ்டோல். ஒன்றில் மாடல்கள், மற்றதில் கண்காட்சி வேலையில் பழகிய உள்ளூர்ப் பணியாளர்கள். மாடல்கள் நின்ற ஸ்டோலில் நின்று கதைத்தவர்கள் மற்றதன் மூன்றில் ஒரு பங்குதான், விற்பனைக்கு உதவும் தொடர்புகள் பாதிக்கும் குறைவு. ஒரு நிறுவனம் பார்த்த ஒரு கணக்கு, அதற்குமேல் அதற்குப் பாரம் ஏற்ற வேண்டாம். ஆனால் காரணம் மேலே சொன்னதேதான்.

அந்தக் காசுக்கு என்ன செய்யலாம்? பத்தடிக்குப் பத்தடி ஸ்டோலில் மூன்று இருக்கை போடலாம். ஒருவருக்கு 6 நிமிட விளையாட்டு, ஆள் மாற 2 நிமிடம், ஆக 8 நிமிடம். ஓர் இருக்கைக்கு மணிக்கு 7 பேர், மூன்றுக்கும் 21 பேர், ஆறு மணித்தியாலத்தில் 126 பேர். மத்தியானம் 12 முதல் 2 வரை வெயிலுக்கு ஆட்கள் குறைவார்கள், நூறு என்றே வையுங்கள். கையில் கொன்றோலரைப் பிடித்துப் பார்த்த நூறு பேர், ஒரு நாளைக்கு. இதற்கு நான்கு பேர் வேண்டும்: இருவர் இருக்கைகளைக் கவனிக்க, ஒருவர் விலை சொல்ல, ஒருவர் ஓய்வில். அறிவியல்நகரிலும் வவுனியாவிலும் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆணும் பெண்ணுமாக எடுங்கள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் அரைநாள் பயிற்சி கொடுங்கள், அதற்கும் சம்பளம் உண்டு. விளையாட்டை முதலிலிருந்து தொடங்குவது, உறைந்துபோனால் மீட்பது, கொன்றோலரைத் துடைத்து அடுத்தவருக்குக் கொடுப்பது, ஐந்து சாமானின் விலை, உத்தரவாதக் காலம், எந்த வயதுக்கு எந்த விளையாட்டு. இவ்வளவும் அரைநாளில் அடங்கும். கடைசியில் நீங்களே வாடிக்கையாளராக நின்று ஆளுக்கு மூன்று கேள்வி கேளுங்கள். இரண்டுக்குப் பதில் வந்தால் போதும், மூன்றாவதற்கு “பொறுங்கள், கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

எண்ணிக்கை வைக்க ஒரு கொப்பியில் மூன்று கோடு இழுங்கள்: இருந்து விளையாடினவர், விலை கேட்டவர், காசு கட்டினவர் அல்லது போன் இலக்கம் தந்தவர். மணிக்கு ஒருமுறை கூட்டுங்கள். “சனம் அள்ளுது” என்று ஏஜென்சி சொல்வது இந்த மூன்றில் எதிலும் விழாது.

கேள்வி: இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது? எங்கெங்கே அதைக் கைவிட்டார்கள்? (மாணவி, பம்பைமடு)

கார்க் கண்காட்சிகளில் முதலே இருந்ததைத்தான் கேம் துறை எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் ஈ3 கண்காட்சி 1995இல் லொஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கியது. வியாபாரிகளுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் மட்டும், வந்தவர்களில் பெரும்பகுதி ஆண்கள். நூற்றுக்கணக்கான திரைகள் ஒரே நேரத்தில் சத்தம் போடும் மண்டபத்தில், கமெரா திரும்பும் பக்கம் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று நிறுவனங்கள் மாடல்களை நிறுத்தின. ‘டோம்ப் ரைடர்’ கேமின் நாயகி லாரா குரொஃப்ட் போன்ற பாத்திரத்துக்கு நிறுவனமே அடுத்தடுத்து ஆட்களை அமர்த்தி வேடமிட்டு உலவவிட்டது.

ஈ3இல் உடைக் கட்டுப்பாடு விதிப் புத்தகத்தில் முன்பே இருந்தது, தண்டனைதான் இருக்கவில்லை. 2006இல் அதற்குப் பல் வைத்தார்கள்: முதலில் வாய் எச்சரிக்கை, மீறினால் 5,000 டொலர் தண்டம், மாடல் உடையை மாற்றும் வரை மண்டபத்துக்கு வெளியே. 2007இலும் 2008இலும் கண்காட்சியே சுருங்கியது. 2009இல் பழைய அளவுக்குத் திரும்பியபோது மாடல்களும் திரும்பி வந்தார்கள். நடத்துநருக்கு மனமில்லாத விதி அவ்வளவுதான் நிற்கும். ஈ3 கண்காட்சியே 2023 டிசம்பரில் நிரந்தரமாக மூடப்பட்டது, அது வேறு காரணங்களால்.

அதே 2009இல் சான் டியேகோ கொமிக்-கொன் என்ற சித்திரக்கதை விழாவில் எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனம், ஸ்டோல் மாடல்களோடு ‘காமச் செயல்’ செய்து படமெடுத்து அனுப்பினால் பரிசு என்று போட்டி அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டது. மாடல்களை எவர் என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டிய சாமானாக ஒரு பெரிய நிறுவனமே எழுத்தில் அறிவித்த உதாரணம் இது. 2012இல் லண்டன் யூரோகேமர் கண்காட்சியில் ஒரு நிறுவனம் பெண்களின் காற்சட்டைப் பின்புறத்தில் கியூ.ஆர் குறி அச்சிட்டு, அதை ஸ்கான் செய்யும்படி விட்டது. அடுத்த வருடத்திலிருந்து அங்கே இந்த வழக்கத்துக்கே தடை.

2004இல் அமெரிக்காவில் தொடங்கிய பக்ஸ் என்ற கேம் விழா வேறு வழியில் போனது. அங்கே விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்று, ஸ்டோலில் நிற்பவருக்குத் தான் காட்டும் விளையாட்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் அதில் சேர்த்தி. ஷாங்காயின் சைனாஜோய் கேம் கண்காட்சி 2015இல் மார்பின் பிளவு 2 சென்ரிமீற்றருக்கு மேல் தெரிந்தால் 5,000 யுவான் தண்டம் என்றது. (அடிமட்டத்தை யார் பிடிப்பார் என்பதுதான் எங்களுக்கு விளங்காதது.) கணினிப் பாதுகாப்புத் துறையின் ஆர்.எஸ்.ஏ மாநாடு 2015இல் ஸ்டோல் பணியாளர்களுக்கு அலுவலக உடை என்று எழுதியது. 2018இல் ஃபோர்முலா 1 காரோட்டம், ஓட்டம் தொடங்கும் இடத்தில் மாடல் பெண்களை வைக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. 2020இல் அமெரிக்காவின் சி.ஈ.எஸ் மின்னணுச் சாமான் கண்காட்சியும் கவர்ச்சி உடையைத் தடுத்தது.

கேள்வி: எங்கள் இளைஞர் கழகம் கேம் போட்டியோடு ஒரு கண்காட்சி வைக்கிறது. “அநாகரிகமான உடைக்குத் தடை” என்று ஸ்டோல் ஒப்பந்தத்தில் போட்டால் போதுமா? (முல்லைத்தீவு)

போதாது, ஆபத்தும் கூட. அநாகரிகம் எது என்பதை வாசலில் நிற்கும் தொண்டர் முடிவு செய்வார். முதல் மணித்தியாலத்திலேயே ஸ்டோல்காரரோடு சண்டை வரும். இரண்டாம் மணித்தியாலத்தில் அதே விதியைக் காட்டி, ஜீன்ஸ் போட்டு விளையாட வந்த ஊர்ப் பிள்ளையை ஒருவர் மறிப்பார். விதி யாருக்கு என்பதை முதல் வரியிலேயே கட்டிப்போடுங்கள். கீழே உள்ளதை அப்படியே எடுத்துப் போடலாம்:

“1. இவ்விதிகள் ஸ்டோலில் சம்பளத்துக்கு நிற்கும் ஆண், பெண் இருபாலாருக்கும் உரியவை. பார்வையாளருக்கு அல்ல. 2. பணியாளர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். 3. உடை தோளிலிருந்து முழங்கால் வரை மூடியிருக்க வேண்டும். நீச்சலுடை, உள்ளாடை போன்ற உடை, உடல் தெரியும் மெல்லிய துணி கூடாது. 4. இராணுவ உருமறைப்பு நிற உடை கூடாது. 5. ஸ்டோலில் நிற்கும் ஒவ்வொருவரும் அங்குள்ள பொருளைப் பற்றி விளக்கக் கூடியவராக இருக்க வேண்டும். 6. பனர், கட்டவுட், திரையில் ஓடும் காட்சி ஆகியவற்றுக்கும் 3ஆம் விதி பொருந்தும்.”

நான்காவது எங்கள் மண்ணுக்கென்று எழுதியது. ஏஜென்சிகள் துவக்கு விளையாட்டுக்கு ‘ஆர்மி கேர்ள்’ என்று ஓர் உடை வைத்திருப்பார்கள். இந்நாட்டில் படைச் சீருடை போன்ற உடை போட்டால் சட்டச் சிக்கல் வரும், முல்லைத்தீவு மைதானத்தில் அதைப் பார்க்கிற தாய்மார் என்ன நினைப்பார்கள் என்பதை நாங்கள் எழுதத் தேவையில்லை. ஆறாவதைப் பலரும் மறந்துவிடுவார்கள். ஆட்கள் ஒழுங்காக உடுத்திருக்க, பின்னால் எட்டடிக் கட்டவுட் நிற்கும்.

ஐந்தாவதுதான் உண்மையில் வேலை செய்யும் விதி. பேச வேண்டும் என்று வந்தவுடன் பொம்மை போல நிறுத்த ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்கு லாபம் இல்லாமல் போகும், உடை பற்றிய பேச்சே பாதி குறைந்துவிடும்.

நடைமுறைக்கு: பணியாளர் உடையின் படத்தை 14 நாள் முன்னதாகக் கேளுங்கள், முன், பின், இருந்தபடி என மூன்று படம். ஸ்டோல் கட்டணத்தோடு ஒரு சிறு வைப்புப் பணம் வாங்குங்கள். திறக்கும் நாள் காலை, சனம் வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன், கழகத்திலிருந்து ஒரு பெண்ணும் ஓர் ஆணும் சேர்ந்து சுற்றிப் பார்க்க வேண்டும். பிழை கண்டால் ஸ்டோல் பொறுப்பாளரோடு கதையுங்கள். மாடலிடம் கதைக்காதீர்கள், உடையைத் தெரிவு செய்தது அவர் இல்லை. உங்கள் மேசையில் கழக ரீசேட் ஆறு, எம், எல், எக்ஸ்.எல் அளவில் இரண்டிரண்டாக வைத்திருங்கள், அதைக் கொடுத்தால் பிரச்சினை பத்து நிமிடத்தில் முடியும். இரண்டாம் முறை மீறினால் சரிசெய்யும் வரை ஸ்டோல் மூடப்படும், வைப்புப் பணம் திரும்பாது. இதைச் சொன்னால் மட்டும் போதாது, ஒருமுறையாவது செய்ய வேண்டி வரும். விதியை எழுதிவிட்டுச் செய்யாமல் விட்டதுதான் ஈ3இல் நடந்தது.

கேள்வி: எனக்கு 20 வயது. கண்காட்சியில் இரண்டு நாள் நிற்க நல்ல சம்பளம் தருவதாக ஒருவர் கூப்பிடுகிறார். உடை அங்கே வந்து தருவார்களாம். போகலாமா? (பரந்தன்)

போகலாம், ஆனால் இந்த நிபந்தனையோடு அல்ல. “உடை அங்கே வந்து” என்பதுதான் இதில் மிகப் பெரிய பொறி. அங்கே போன பிறகு சின்ன அளவில் ஒன்றைக் கொடுத்து, “எல்லாரும் போட்டாச்சு, நீங்கள்தான் மிச்சம்” என்பார்கள். வீட்டுக்குத் திரும்ப பஸ் காசும் கையில் இருக்காது. அளவு கேட்காமலே எல்லாருக்கும் ஒரு அளவு சின்னதாக உடை வாங்குவதைத் தெரிந்தே செய்வோரும் இந்தத் தொழிலில் உண்டு.

ஆகவே தங்கச்சி, முதலில் உடையின் படத்தைக் கேளுங்கள். கிடைத்தால் இரண்டு நாள் முன்பு உடையையே வாங்கி வீட்டில் போட்டுப் பாருங்கள். கதிரையில் இருங்கள், நிலத்தில் விழுந்த கொன்றோலரைக் குனிந்து எடுங்கள், பனர் கட்டுவதுபோல் இரண்டு கையையும் தூக்குங்கள். மூன்றிலும் கையால் உடையை இழுக்க வேண்டி வரவில்லை என்றால் சரி. அந்த உடையோடு எட்டு மணித்தியாலம் நிற்க வேண்டும். குதி உயர்ந்த செருப்பு மைதான மணலில் புதையும், கணுக்கால் பிரளும். தட்டைச் சப்பாத்து என்று முன்பே சொல்லுங்கள்.

பிறகு எழுத்தில் வாங்க வேண்டியவை. வட்ஸ்அப் செய்தியாக வந்தாலும் எழுத்துத்தான், அழிக்காமல் வையுங்கள். வேலை நேரம் எத்தனை முதல் எத்தனை வரை, சம்பளம் எவ்வளவு, பாதி முற்பணம், மீதி அன்றன்றே, கூடுதல் மணித்தியாலத்துக்கு எவ்வளவு. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் இருக்க இடம், தண்ணீர், மத்தியானச் சாப்பாடு. பூட்டுள்ள உடைமாற்றும் இடம். போய்வரப் போக்குவரத்து, பிந்தினால் பஸ் இல்லை என்பதால் வாகனம் யாருடைய பொறுப்பு என்பதும். “சொன்ன உடை இல்லாவிட்டால் முற்பணத்தோடு திரும்பலாம்” என்று ஒரு வரி. எடுக்கிற படங்களை எந்த நிகழ்வுக்கு, எத்தனை நாள் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி. அது இல்லாவிட்டால் உங்கள் முகம் அடுத்த தீபாவளி விற்பனைக்கும் பனரில் தொங்கும்.

அடையாள அட்டையின் மூலப் பிரதியை எவரிடமும் விடாதீர்கள். போட்டோப் பிரதி கேட்டால், அதன் குறுக்கே எந்த வேலைக்கு, என்ன திகதி என்று பேனையால் எழுதிக் கொடுங்கள். தெரிந்த ஒருவரோடு சேர்ந்து போங்கள், பொறுப்பாளரின் பெயரையும் இலக்கத்தையும் வீட்டில் எழுதி வைத்துவிட்டு. இதையெல்லாம் கேட்டதற்கே “அவ்வளவு கதை என்றால் வேண்டாம்” என்று ஒருவர் வைத்துவிட்டால் உங்களுக்கு ஒன்றும் நட்டமில்லை.

கேள்வி: நானும் சிநேகிதிகளும் கேம் பாத்திரங்கள் போல வேடம் போட்டுப் போக ஆசை. உடைக் கட்டுப்பாடு எங்களுக்கும் பொருந்துமா? (மாங்குளம்)

பொருந்தாது. நீங்களே தெரிந்து, நீங்களே தைத்து, விளையாட வரும் ஆட்கள். ஸ்டோல்காரர் சம்பளம் தந்து நிறுத்தினால்தான் பணியாளர் விதிக்குள் வருவீர்கள். இரண்டு விடயம் மட்டும் பாருங்கள். நிஜம்போல் தெரியும் துவக்கு வேண்டாம், ஏ9 வீதியில் பஸ்ஸில் அதைக் கொண்டுபோவதும் வேண்டாம். 5 மில்லிமீற்றர் போம் தகட்டில் வெட்டிப் பளிச்சென்ற நிறம் பூசுங்கள், அல்லது வாள், கேடயம், மந்திரக்கோல் உள்ள பாத்திரத்தை எடுங்கள். உருமறைப்பு நிறம் வேண்டாம். மற்றபடி, ஒட்டுப்பசை வெயிலில் இளகும். பூட்டிய வானுக்குள் கவசத்தை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வரும்போது துண்டு துண்டாகக் கிடக்கும். முக்கியமான பொருத்துகளில் பசையோடு தையலும் போடுங்கள்.

கேள்வி: இந்தக் கரைச்சலே வேண்டாம், பெண் பிள்ளைகளை ஸ்டோலில் வைக்காமலே விட்டால் என்ன? (ஒரு தகப்பன், மல்லாவி)

அப்படி விட்டால் அரைகுறை உடையை முடிவு செய்த ஏஜென்சிக்கு ஒன்றும் ஆகாது, கணினி படித்த உங்கள் ஊர்ப் பிள்ளைக்குக் கிடைக்கவிருந்த இரண்டு நாள் வேலைதான் போகும், ஐயா. இன்னொன்று: ஸ்டோலில் ஆண்கள் மட்டும் நின்றால் விளையாட வரும் பெண் பிள்ளைகள் தமையன்மாருக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கொன்றோலரை நீட்டி “வாங்கோ, விளையாடிப் பாருங்கோ” என்று ஓர் அக்கா கூப்பிட்டால் இருப்பார்கள்.

கேள்வி: ஒழுங்கான உடையோடு நிற்கும் எங்கள் பணியாளர்களையும் சிலர் விடாமல் படம் எடுக்கிறார்கள், தோளில் கை போடுகிறார்கள். அந்த நேரத்தில் என்ன செய்வது? (புதுக்குடியிருப்பு)

உடை சரியானால் தொல்லை நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது, நீங்கள் கண்டிருப்பதும் அதைத்தான். ஸ்டோல் முகப்பில் கண் மட்டத்தில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: “விளையாட்டைப் படம் எடுக்கலாம். பணியாளரைப் படம் எடுக்க முன் கேளுங்கள். தொட வேண்டாம்.” படம் எடுக்கச் சம்மதித்தால் மேசைக்கு அந்தப் பக்கம் பணியாளர், இந்தப் பக்கம் வந்தவர். மேசை இடையில் இருந்தாலே பாதிக் கைகள் எட்டாது.

பணியாளர்களுக்குள் ஒரு குறிச்சொல் வையுங்கள். “அந்தச் சிவப்பு வயரைக் கொண்டுவாங்கோ” என்றால் உதவி வேண்டும் என்று அர்த்தம். கேட்டவுடன் இன்னொருவர் வந்து அந்த இடத்தை எடுப்பார், முதலாமவர் பின்னுக்குப் போவார். பொறுப்பாளர் வந்தவரைத் தனியாகக் கூட்டிப்போய் ஒருமுறை சொல்ல வேண்டும். மறுத்தால் நடத்துநர், பிறகு பொலிஸ், 119. தொல்லை கொடுத்தவன் ஊரில் பெரிய ஆளின் மகன் என்பதற்காக அன்றைக்குச் சமாளித்து அனுப்பினால் அடுத்த நாள் மூன்று பேராக வருவான்.

இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு, 1995இல் திருத்தியபடி, பாலியல் தொல்லைக்கு ஐந்து வருடம் வரை சிறை, தண்டம் அல்லது இரண்டும் என்கிறது. தொட்டால்தான் குற்றம் என்றில்லை, வார்த்தையும் செய்கையும் அதில் அடங்கும். சம்பளம் கொடுக்கும் முதலாளி செய்தாலும் அடங்கும். முறைப்பாட்டுக்கு வேண்டியது நேரம், இடம், கண்டவர் பெயர். நடந்தவுடன் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், பின்னேரத்துக்குள் ஆளுக்கொரு கதை ஆகிவிடும். பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938, சிறுவர் சம்பந்தமாக 1929. இரண்டையும் ஸ்டோலின் உட்பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

கேள்வி: மாடல் இல்லாமல் சனத்தை எப்படி நிறுத்துவது? எங்கள் கொட்டகைக்குள் போன முறை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. (ஓமந்தை)

பெரும்பாலும் காரணம் திரை தெரியாததுதான். மேற்குப் பார்த்த கொட்டகை என்றால் மூன்று மணிக்குப் பிறகு வெயில் நேரே திரையில் விழும், வெளியில் நிற்பவருக்குக் கறுப்புக் கண்ணாடிதான் தெரியும். கிழக்கு அல்லது வடக்குப் பார்த்த இடத்தைக் கேட்டு எடுங்கள். கிடைக்காவிட்டால் முகப்பின் மேலிருந்து மூன்றடி கறுப்புத் துணியை இறக்கிக் கட்டுங்கள். இருக்கைகளைச் சுவர்ப் பக்கம் தள்ளாமல் ஒன்றையாவது வழிப்பக்கம் பக்கவாட்டாக வையுங்கள், விளையாடுகிறவரின் முகமும் திரையும் ஒருசேரத் தெரிய வேண்டும். தோற்கிற பிள்ளையின் முகத்தைப் பார்க்கத்தான் சனம் நிற்கும்.

இருவர் சேர்ந்து விளையாடும் உதைபந்து, கார் ஓட்டம் போன்றவை நல்லது, ஆறு நிமிடத்தில் வெற்றி தோல்வி தெரிந்துவிடும். துவக்கு விளையாட்டை வெளி ஸ்பீக்கரில் போடாதீர்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு உடல் நடுங்கும் ஆட்கள் எங்கள் கூட்டத்தில் இன்றும் இருக்கிறார்கள். போடத்தான் வேண்டும் என்றால் ஹெட்போனில், திரையை உட்பக்கம் திருப்பி. வரிசைக்குப் பதில் இலக்கத் துண்டு கொடுங்கள். வரிசையில் தள்ளுபவன் முன்னுக்குப் போவான், துண்டில் எல்லாருக்கும் முறை வரும்.

மின்சாரத்தில்தான் அதிகம் பிழைக்கும். பிளேஸ்டேசன் 5 போன்ற கொன்சோல் (விளையாட்டுப் பெட்டி) விளையாடும்போது சுமார் 200 வாற், 43 அங்குல ரீவி சுமார் 100. மூன்று இருக்கைக்கு 900, இரண்டு மேசை விசிறியும் லைற்றும் சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டும். 5 அம்பியர் பிளக் 230 வோல்ற்றில் தாங்குவது 1,150 வாற், அதாவது விளிம்பில் நிற்கிறீர்கள். பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் அதே வயரில் கேத்தலைச் செருகினால் எல்லாம் ஒரேயடியாக அணைந்துவிடும், விளையாட்டின் சேமிப்பும் பழுதாகலாம். 13 அல்லது 15 அம்பியரில் தனி வயர் கேளுங்கள், ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சுருள் வயரை முழுதாக அவிழ்த்து விரியுங்கள், சுருண்டபடி பாரம் ஏற்றினால் சூடேறி உருகும்.

ஆடி, ஆவணியில் கச்சான் காற்று புழுதியை உள்ளே அள்ளிக்கொண்டு வரும். கொன்சோலை நிலத்தில் வைக்காமல் இரண்டரை அடி மேசையில் வைத்து, பின்புறம் நான்கு அங்குலம் இடைவெளி விடுங்கள். விசிறி நிலத்தைப் பார்த்து ஊதக் கூடாது. காலையும் மத்தியானமும் வாசலில் தண்ணீர் தெளியுங்கள், வயர் போகிற பக்கம் அல்ல. கொன்றோலரை வயரிலேயே கொடுங்கள். கூட்டத்தில் போன்கள் கூடினால் வயரில்லாதது இடையிடையே தொடர்பு அறும், சார்ஜும் மத்தியானத்தோடு போகும். ஒவ்வொருவருக்கும் பிறகு 70 சதவீத ஐசோபுரோப்பைல் அற்ககோல் நனைத்த துணியால் துடையுங்கள், பிழிந்த துணியாக இருக்க வேண்டும், நேரே தெளிக்கக் கூடாது. விளையாட்டு அப்டேற் எல்லாம் முந்தின இரவே வீட்டில் முடித்துவிட்டு இன்ரநெற் இல்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அரைகுறை உடைக்குப் பதில் ஆண் மாடல்களை உடற்கட்டு தெரிய நிறுத்தினால் சரிதானே? (நெடுங்கேணி)

வாசலில் அதே அடைப்பு, அதே கேள்விக்குப் பதில் தெரியாத ஆள். சட்டை இல்லாதவர் ஆண் என்பதால் கொன்றோலரின் விலை அவருக்குத் தெரிந்துவிடாது.

கேள்வி: நாங்கள் முற்பணமே கட்டிவிட்டோம். இன்னும் பத்து நாள் இருக்கிறது. வேண்டாம் என்றால் காசும் போகும், வரவிருந்த இரண்டு பிள்ளைகளின் சம்பளமும் போகும். (வவுனியா)

ஆட்களை மறிக்காதீர்கள், வேலையை மாற்றுங்கள். ஏஜென்சிக்கு இன்றைக்கே எழுதுங்கள்: அதே இருவர், அதே சம்பளம், உடை எங்கள் கடை ரீசேட்டும் நீளக் காற்சட்டையும், வேலை விளையாட்டைக் காட்டுவது. பெரும்பாலான ஏஜென்சிகள் மறுக்கமாட்டார்கள், அவர்களுக்கு உடைச் செலவு மிச்சம். சாமான் விபரத்தை இரண்டு பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, விலையோடு, மூன்று நாள் முன்பு அந்தப் பிள்ளைகளுக்கே நேரே அனுப்புங்கள். ஏஜென்சி கையில் கொடுத்தால் அது வாகனத்துக்குள் கிடக்கும். முதல் நாள் காலை ஒரு மணித்தியாலம் முந்தி வரச் சொல்லி, அதற்கும் காசு கொடுத்து, விளையாட விடுங்கள். மேடையிலும் கமெராவுக்கு முன்னும் பழகியவர்கள், கூச்சமில்லாமல் கூப்பிடுவார்கள். விளையாட்டுத் தெரிந்த உங்கள் பையன் ஒருவனைப் பக்கத்தில் விட்டால் இருவருமாகச் சமாளித்துவிடுவார்கள்.

ரீசேட் பருத்தியில், வெளிர் நிறத்தில் எடுங்கள். கறுப்புப் பொலியெஸ்ரர் தகரக் கூரைக்குக் கீழ் மத்தியானத்துக்கு மேல் தாங்காது. அளவை அவர்களிடமே கேட்டு, ஆளுக்கு இரண்டு அடியுங்கள். அச்சுக்கு நான்கைந்து நாள் எடுக்கும், ஆகவே அந்த ஒன்றை மட்டும் நாளைக்குத் தள்ள வேண்டாம்.